அறை முழுக்கப் புருஷன்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டேகால் மணிக்கு, ஸ்கூட்டர் சாவியைத் தேடிக்கொண்டிருந்த கூரியர்க்காரர் அப்படியே கலைந்து அறை முழுக்கப் பரவிவிட்டார். கொதிக்கிற தண்ணீர் ஆவியாகிற மாதிரிதான், பெரிய விஷயமில்லை. கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே அவர் அலைந்த அலைச்சலில் உடம்பின் துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள முடியாமல் ஆளுக்கொரு பக்கம் ஓடிப்போயின. சட்டையும் பேண்ட்டும் தரையில் கிடந்தன. நாலு சுவரிலிருந்தும் ஒரே சமயத்தில் குரல் வந்தது: “சாவிய எங்கடி வச்ச?”

அவர் மனைவிக்கு ஐஸ் கம்பெனியில் வேலை. அவள் பதறவில்லை, ஜன்னலைச் சாத்தினாள், கதவிடுக்கில் ஈரத்துணியைத் திணித்தாள். டாக்டர் வந்து சுவரில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்தார். பிரஷர் கொஞ்சம் அதிகம், உப்பைக் குறைக்கணும், ஜன்னலைத் திறந்தால் ஆள் ஊர் முழுக்கப் போய்விடுவார் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

ஒன்பது நாள் இப்படிப் போனது. சொல்லக் கூச்சமாக இருந்தாலும், அவளுக்கு அது பிடித்திருந்தது. கல்யாணமான பதினோரு வருஷத்தில் கூரியர்க்காரர் ஒரு வேளைகூட உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. இப்போது அவள் எந்த மூலையில் தட்டோடு உட்கார்ந்தாலும் அங்கே அவர் இருந்தார். மூச்சை இழுத்தால் மூக்குக்குள் போய்க் கிச்சுகிச்சு மூட்டினார்.

பத்தாம் நாள் அவருடைய அக்கா வந்தாள். “என்னம்மா இப்படிப் புழுங்குது?” என்று சொல்லிக்கொண்டே ஜன்னலைத் திறந்துவிட்டாள். ஐஸ் கம்பெனிக்காரி பாய்ந்து சாத்துவதற்குள் கையளவு புருஷன் வெளியே போய்விட்டார். தெருவில் நின்று ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்த இரண்டு பேர் அந்தக் காற்று பட்டதும் காரணமே இல்லாமல் ஓட ஆரம்பித்தார்கள். அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. விட்டுவைத்தால் ஆளே மிஞ்சமாட்டார் என்று அன்றே புரிந்துபோனது.

கம்பெனி வண்டியில் முப்பது பாளம் ஐஸ் வந்து இறங்கியது. குளிர ஆரம்பித்ததும் கூரியர்க்காரர் வேகம் குறைந்து, துகளெல்லாம் ஒன்றோடொன்று நெருங்கி, சுவரெல்லாம் முத்து முத்தாக வழிந்தார். அவளும் நாத்தனாரும் துண்டால் ஒற்றியெடுத்து டிரம்மில் பிழிந்தார்கள். டிரம் மாதிரியே உருண்டையாக நின்றுகொண்டு, அங்கேயும் சாவியைத்தான் கேட்டார். துணிக்கடைப் பொம்மை செய்கிறவர் அவர் உயரத்துக்கே அச்சு செய்து கொடுத்தார். அதைத் தலைகீழாக நிறுத்தி, பாதம் வழியாக ஊற்றினார்கள்.

இங்கேதான் தொழில்புத்தி காலை வாரிவிட்டது. தண்ணீர் உறைந்தால் உப்பிப் பெரிதாகும். அதனால் கம்பெனியில் எந்தக் கேனையும் மேலே நாலு விரல் விட்டுத்தான் நிரப்புவார்கள். அவளும் கைப்பழக்கத்தில் அச்சைக் கொஞ்சம் அகலமாகச் செய்யச் சொல்லி, பாதப் பக்கம் நாலு விரல் இடம் விட்டிருந்தாள். ஆனால் மனுஷன் தண்ணீர் இல்லையே. ஐஸ் உறையவைக்கிற உப்புத்தண்ணீர்த் தொட்டியில் அச்சை இறக்கியதும் துகளெல்லாம் நெருக்கியடித்து உட்கார, இன்னும் நாலு விரல் சுருங்கிப்போனார். ஆக மொத்தம் எட்டு விரல் குட்டை. பேண்ட் எல்லாவற்றையும் இரண்டு மடிப்பு மடித்துத் தைக்க வேண்டியிருந்தது.

வெயிலில் வைத்ததும் உடம்பு சூடு வந்தது, வேகம்தான் வரவில்லை. கட்டிலிலிருந்து வாசலுக்கு வர முக்கால் மணி நேரம் பிடித்தது. கூரியர் ஆபீசில் அவசரமில்லாத கடிதங்களுக்கென்று தனியாக ஒரு பை கொடுத்தார்கள்.

நாத்தனாருக்கு மனசு கேட்கவில்லை. “கொஞ்ச நேரம் அடுப்புப் பக்கத்துல இருக்கட்டும்மா. பழைய வேகம் வந்துடும்.”

“வேணாம் அண்ணி. இப்பதான் உக்கார்ந்திருக்கார்.”

அவள் அவர் முன்னால் தட்டை வைத்து, தனக்கும் ஒன்றைப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். இருவரும் சாப்பிட்டு முடிக்க மூன்று மணி நேரம் ஆனது.