மூடாத பதுங்குகுழி

1945ஆம் வருஷத்துப் புரட்டாசி. தியாகராய நகரில் ஹபீபுர் ரஹ்மானின் வீட்டு முன்புறம் பாதி புல்லும் பாதி பள்ளமுமாகக் கிடந்தது. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊரே மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய வருஷத்தில் அவர் ஆள் விட்டு வெட்டிய பதுங்குகுழி அது. போர் முடிந்த பிறகும் அதை மூட அவருக்கு மனம் வரவில்லை.

அவர் மனைவி நஸ்ருன்னிசா பொறுத்துப் பார்த்தாள். ஐப்பசி அடைமழைக்கு முன் குழியைத் தூர்த்துப் புல் நட்டுவிட்டால், வேர் பிடித்துப் பனிக்காலம் முழுக்கத் தரை பச்சையாக இருக்கும். விட்டுவிட்டால் கரை சரிந்து மிச்சப் புல்லும் போய்விடும் என்றாள். கணவரைக் கேட்காமலே ஒரு வண்டி செம்மண்ணும் மக்கிய எருவும் இறக்கினாள். தோட்டக்காரர் பொன்னுரங்கம் அடையாற்றங்கரையிலிருந்து அருகம்புல்லை வேரோடு பெயர்த்து, ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார்.

ரஹ்மான் அவரை மம்பட்டியைத் தொட விடவில்லை. தோல் வியாபாரியான அவர், துறைமுகப் பக்கம் குண்டு விழுந்த அன்று அங்கே ஒரு கிடங்கில் இருந்தவர். அந்தச் சத்தம் அவரை விட்டுப் போகவே இல்லை.

"சண்டை முடிஞ்சிடுச்சுன்னு பேப்பர்ல போடறான். இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டுப் போகட்டுமே" என்றார்.

சாக்கிலிருந்த புல் பழுக்கத் தொடங்கியது. பொன்னுரங்கம் அதற்குத் தண்ணீர் தெளித்துவிட்டு, இருக்கிற தரையில் கோரையைக் களைந்துகொண்டிருந்தார்.

ஒரு நாள் பிற்பகல் வானம் இருண்டு மழை கொட்டியது. தெருத் தண்ணீரும் உள்ளே புரண்டு வந்து குழி நிரம்பிவிட்டது. மழை சற்றுத் தணிந்தபோதுதான் மகள் ஷகீலாவைக் காணோம் என்பது நஸ்ருன்னிசாவுக்குத் தெரிந்தது. ஐந்து வயதுக் குழந்தை. அறைகளில் இல்லை, மாடியில் இல்லை. வாசலுக்கு ஓடி வந்தவள் குழியில் மிதந்த சின்னச் செருப்பைப் பார்த்தாள்.

அவள் போட்ட சத்தத்தில் ரஹ்மான் உடுத்திய உடையோடு குழியில் இறங்கினார். மார்பளவு தண்ணீர். கொட்டகையிலிருந்து ஓடிவந்த பொன்னுரங்கமும் குதித்தார். இருவரும் ஆளுக்கொரு முனையிலிருந்து, காலாலும் கையாலும் சேற்றைத் துழாவிக்கொண்டே வந்தார்கள். நஸ்ருன்னிசா கரையில் நின்று மகள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நடுவில் இருவர் கைகளும் முட்டிக்கொண்டன. ஒன்றும் அகப்படவில்லை. ரஹ்மான் மறுபடி முதலிலிருந்து தேடத் தொடங்கினார்.

அப்போது கேட் திறந்தது. பொன்னுரங்கத்தின் மனைவி தேவானை, தலையில் கோணியும் இடுப்பில் ஷகீலாவுமாக வந்தாள். குழந்தை வேர்க்கடலை மென்றுகொண்டிருந்தது.

"இன்னாத்துக்கு ரெண்டு பேரும் தண்ணியில நிக்கிறீங்க?" என்றாள் தேவானை. "கொயந்த இடிக்கு பயந்துகினு கேட்டாண்ட அயுதுகினு நின்னுச்சு. கால்ல இருந்த செருப்ப தண்ணி இஸ்துகினு பூடுச்சு. நம்ம வூட்டுக்கு இட்டுகினு போயி தல தொவட்டி வுட்டேன்."

நஸ்ருன்னிசா மகளை வாங்கிக்கொண்டு ஈரப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பொன்னுரங்கம் கைகொடுத்துத் தூக்கிவிட, ரஹ்மான் கரையேறினார். சேற்றுக் கையோடு மகளின் காலைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதார். குழந்தை அவர் வாயில் ஒரு கடலையைத் திணித்தது.

"நாளைக்கே மூடிடலாம், பொன்னுரங்கம்" என்றார் பிறகு.

"தண்ணி நிக்கிது சாபு. எறச்சிட்டுதான் மண்ணு போடணும். இல்லாங்காட்டி உள்ள வாங்கிக்கும்."

"எறைப்போம். நானும் வர்றேன்."

மறுநாள் கடைக்குப் போகாமல் மண்ணெண்ணெய் டின்னால் அவரும் இறைத்தார். அடி காய்ந்ததும் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கெட்டித்தார்கள். மேலே எருவைப் பரப்பி, தண்ணீர் தெருப்பக்கம் வடியும்படி வாட்டம் வைத்தார் பொன்னுரங்கம். சாக்குப் புல்லில் பாதி அழுகியிருந்தது. மீதியை நஸ்ருன்னிசாவும் தேவானையும் எதிரெதிரே குந்தி, பேசிக்கொண்டே கொத்துக் கொத்தாக நட்டார்கள்.

ஐப்பசி மழை அளவாகப் பெய்தது. நட்ட இடமெல்லாம் துளிர்த்துப் பழைய புல்லோடு கைகோத்தது. தெருவில் திரியும் ஆடுகளுக்கும் அது தெரிந்துவிட்டது. கடைக்கு நேரமாகிறது என்று உள்ளிருந்து நஸ்ருன்னிசா எத்தனை முறை சொன்னாலும், ரஹ்மான் குடையை ஓங்கிக்கொண்டு கேட்டருகே ஆடு விரட்டிக்கொண்டிருந்தார்.