டி டிரைவ் இருந்த இடம்

1

இந்தக் கதை தப்பாக அழுத்திய ஒரு பொத்தானிலிருந்து பிறந்தது. அழுத்தியவளுக்கு அகல்யா என்று பெயர் வைத்திருக்கிறேன். (‘நான்’ என்று தொடங்கிப் பார்த்தேன். இரண்டாவது வரியிலேயே அழுகை வந்தது. அகல்யா கொஞ்சம் தைரியசாலி.)

2

முதல் தொடக்கம்: 2007, புனே ஆகுர்டியில் ஒரு மழைக்கால மாலை

வேண்டாம். மழைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இரண்டாவது: கம்ப்யூட்டர் மாலை வகுப்பில் ஜெபமணி சார் கொடுத்த லினக்ஸ் சிடியை அகல்யா கணவனின் பழைய லாப்டாப்பில் போட்டாள். வகுப்புக் குறிப்பை வரிவரியாகப் பார்த்துத்தான் செய்தாள். ‘முழு டிஸ்க்கையும் பயன்படுத்தவா?’ என்று திரை கேட்டது. சரி என்றாள்.

நம் வீடுகளில் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டால், ரிப்பேர்காரர் சி டிரைவை மட்டும் அழித்து விண்டோஸைத் திரும்பப் போடுவார். அதனால் போட்டோ, பாட்டு, உயிர் எல்லாம் டி டிரைவில் இருக்கும். அதை யாரும் தொடமாட்டார்கள்.*

* லினக்ஸுக்கு இந்த மரியாதை தெரியாது. சி, டி இரண்டும் ஒரே டிஸ்க்கின் இரண்டு அறைகள்தான் என்பது அகல்யாவுக்குத் தெரியாது.

3

டி-யில் இருந்தது: நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவே கோவையிலிருந்து அவளும் புனேயிலிருந்து ராம்பிரசாத்தும் தட்டித் தட்டிப் பேசிய சாட் முழுவதும். இப்போது ஹிஞ்சேவாடி ஐடி கம்பெனி கேப் காலையில் அவனைக் கொண்டுபோய், தூங்குமூஞ்சியாகத் திருப்பித் தருகிறது. ஆகவே அவர்கள் பேசியதெல்லாம் (இந்த வாக்கியத்தை முடிக்க மனமில்லை)

4

நேற்று மதியம், போனில்:

“ஏனுங்க, டி டிரைவ் போயிருச்சுங்க.”

“எங்கே போச்சு? லோனாவ்லாவுக்கு டூரா?”

“சிரிக்காதீங்க. நம்ம சாட் அத்தனையும் அதுலதானுங்க.”

“நான் எழுதின கவிதையுமா?”

“அதுவுந்தான்.”

“சலோ, ஊர் பிழைச்சது.”

அவள் சிரித்தாள், பிறகு அழுதாள். அவன் கேண்டீனுக்குப் போகாமல் சாப்பாட்டு வேளை முழுவதும் போனிலேயே இருந்தான்.

“அரே, இனிமே அந்த டிஸ்க்ல எதையும் சேவ் பண்ணாதே. சனிக்கிழமை என் டீம் பட்டாபிராமன் வரான். மேல புதுசா எதுவும் எழுதலைன்னா அடியில இருக்கறதைத் தோண்டி எடுத்துடலாமாம்.”

(இவ்வளவு நல்லவனா என்று எனக்கும் சந்தேகம். இரண்டு வரைவுகளில் கோபப்படுத்திப் பார்த்தேன். அவனுக்குப் பொருந்தவில்லை.)

5

இந்தக் கதையை அவள் சிடியிலேயே ஓடும் லினக்ஸில் தட்டுகிறாள். டிஸ்க்கைத் தொடவில்லை. மெஷினை அணைத்தால் கதையும் போய்விடும். இன்று வியாழன். புனேயில் வியாழக்கிழமை கரண்ட் போகும் என்பது எல்லாருக்கும் தெரியும். எல்லாவற்றையும் குறித்துவைக்கிறவள் கிழமையை மறந்தாள்.

கரண்ட் போய்விட்டது. பழைய பேட்டரி, அதிகம் தாங்காது. பென்டிரைவ் ராம்பிரசாத்தின் ஆபீஸ் பையில்.

முடிவு ஒன்று: சேமிக்கிறாள். இத்தனூண்டு கதைக்கு அதிக இடம் வேண்டாம். ஆனால் டிஸ்க்கில் எந்த இடத்தில் போய் உட்காரும் என்று சொல்ல முடியாது. அவன் முதன்முதலில் ‘சாப்பிட்டாச்சா?’ என்று கேட்ட வரியின் மேலேயே உட்காரலாம்.

முடிவு இரண்டு: சேமிக்காமல் விடுகிறாள். சனிக்கிழமை பழைய பேச்சு கிடைக்கலாம். இந்தக் கதையில் எழுதிய நேற்றைய பேச்சு போய்விடும். கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் பேசியதிலேயே அதுதான் நீளமானது.

(நீங்கள் படிப்பதால் அவள் சேமித்துவிட்டாள் என்று முடிவு கட்டாதீர்கள். டைரி எழுதுகிறவள். நினைவிலிருந்து திரும்ப எழுதியிருக்கலாம்.)

‘சேமிக்கவா?’ என்று திரை கேட்கிறது. இப்படி ஒரு கேள்விக்குத்தான் நேற்று அவசரப்பட்டாள். அவள் விரலை நம்ப முடியாது, இந்த முறை நீங்கள் அழுத்துங்கள். சீக்கிரம், பேட்டரி