பதினாலு நிமிடம்

எங்கள் ஆலையில் எந்தக் கோளாறும் பதினாலு நிமிடத்துக்கு மேல் நீடித்ததில்லை. பதிவேடு அப்படித்தான் சொல்லும். தொட்டியில் அமிலம் ஏறினாலும் சரி, காற்று குறைந்தாலும் சரி, பதினாலு நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிடும். பதினைந்து என்று எழுதினால் விசாரணை. விசாரணை என்றால் நாற்பது பக்கப் படிவம், தரப்பிரிவிலிருந்து மூன்று பேர், ஒரு வாரத் தலைவலி. புதிதாகச் சேர்பவர்களுக்கு எங்கள் மேற்பார்வையாளர் முதல் வாரமே இதைக் காதோடு காதாகச் சொல்லிவிடுவார். அவருக்கு நாங்கள் வைத்த பெயரே 'பதினாலு'.

நான் அங்கே தொட்டி பார்ப்பவள். இரண்டாயிரம் லிட்டர் எஃகுத் தொட்டி, உள்ளே இளஞ்சிவப்பு நீரில் வெள்ளெலியின் செல்கள். மருந்துக்கு எலியா என்று முகம் சுளிப்பவர்களுக்காகவே நான் ஒரு பாடம் வைத்திருந்தேன். செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ.யில் ஒவ்வொரு புரதத்துக்கும் ஒரு மரபணு உண்டு. அது வீட்டு மூலப் பத்திரம் மாதிரி, பெட்டியை விட்டு வெளியே வராது. ஆர்.என்.ஏ. என்ற நகல்தான் வெளியே போகும். அந்த நகலை ரைபோசோம் என்ற குட்டி இயந்திரம் மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கும். ஒவ்வொரு மூன்றெழுத்துக்கும் ஒரு அமினோ அமில மணியை எடுத்துக் கோக்கும். 'நிறுத்து' என்று பொருள்படும் மூன்றெழுத்து வந்ததும் நிறுத்தும். கோத்தது மடிந்து புரதமாகும். எழுத்து எலியுடையதா மனிதனுடையதா என்று ரைபோசோம் கேட்பதில்லை. மனித மரபணுவை உள்ளே வைத்தால் எலிச் செல் வாயை மூடிக்கொண்டு மனிதப் புரதத்தைச் செய்து தரும். என்னைவிட ஒழுங்கான தொழிலாளி.

வருடத்துக்கு ஐந்து வகைப் புரதம் செய்வோம். மூன்றாம் தொட்டியில் வருவது ஒரு நொதி. தசையில் தேங்கும் சர்க்கரையை உடைக்கிற நொதி. அது பிறவியிலேயே இல்லாத குழந்தைகளுக்குத் தசை தளரும், இதயம் வீங்கும். மிக அரிதான நோய் என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். நான் கொட்டாவி விட்டுக்கொண்டே குறித்துக்கொண்டேன். ஐந்து வருடம் கழித்து அந்த நோயோடு என் வயிற்றிலேயே ஒருத்தி பிறந்தாள்.

கையளவு இருந்துகொண்டு வீடு அதிரக் கத்துவாள் என்பதால் அவளுக்குக் 'கடுகு' என்று பெயர். நாலாம் மாதம் கத்தல் குறைந்தது. சமர்த்தாகிவிட்டாள் என்று நானும் என் கணவரும் சந்தோஷப்பட்டோம். இன்றைக்கும் அதை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கும். கத்தத் தெம்பில்லாமல் கிடந்திருக்கிறாள்.

ஐந்தாம் மாதத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, புதன்கிழமை, மருத்துவமனையில் நாலு மணி நேரம் நொதி ஏற்றினார்கள். எங்கள் ஆலை மருந்துதான். எதிர்க்கட்டிலில் அதே நோயுள்ள ஒரு பையன், இரண்டு வயது. அவனுடைய அம்மாவை நான் 'எதிர்க்கட்டில் அக்கா' என்பேன். அவன் அந்த மருந்தில் எழுந்து நின்றவன். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நர்சை வம்புக்கு இழுப்பான்.

"உன் பொண்ணும் நிப்பா பாரு. மருந்தைச் செய்யறவளே அம்மாவா இருக்கும்போது என்ன கவலை?" என்று அக்கா சொல்வாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். தலை நிற்காமல் கிடந்தவளுக்கு ஏழாம் மாதம் தலை நின்றது. எட்டாம் மாதம் தலையணை வைத்தால் உட்கார்ந்தாள். அந்த ஒரு மாதம் நான் வேலைக்குப் பாடிக்கொண்டே போனேன்.

பத்தாம் மாதம் உட்கார வைத்தால் சரிந்தாள். அந்தப் புதன்கிழமை நர்ஸ் புதுப் பெட்டியைப் பிரித்தபோது குப்பியில் இருந்த எண்ணைப் படித்தேன். அதைப் படிக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்றாம் தொட்டி. இன்ன வாரம் செய்தது. அந்த வாரம் பகல் வேலையில் இருந்தவள் நான்.

அந்த நாளும் நன்றாக நினைவிருந்தது. கடுகுக்கு முதல் ஊசி போட்ட நாள். கணவர் மருத்துவமனையில், நான் ஆலையில். தொட்டிக் கூடத்துக்குள் போன் கூடாது. கவுன், முகமூடி, கையுறை எல்லாவற்றையும் கழற்றி, உடை மாற்றும் அறைக்குப் போய்ப் பேசினேன். தூங்குகிறாள் என்றார். திரும்ப எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு வந்தால் அமில அளவு கீழே போய் விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. கையால் சரிசெய்தேன். மொத்தம் பத்தொன்பது நிமிடம். பதினாலு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் லிப்ட் பழுதுபார்ப்பவர். எதையும் கழற்றிப் பார்க்காமல் நம்பாதவர்.

"புதுப் பெட்டி இன்னிக்குத்தானே பிரிச்சாங்க? இவ மூணு வாரமாவே சாயறாளே."

"அது சளி. இது வேற."

"வேறன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"அமிலம் மாறினா புரதம் சரியா மடியாது. மடியாத புரதம் வேலை செய்யாது. அஞ்சு வருஷமா இதைத்தானே பண்றேன். எனக்குத் தெரியாதா?"

அவர் கடுகைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். எனக்குத் தெரியும் என்று நான் சொன்னால் வாயடைத்துப்போகிற மனிதர். அந்த ஒரு விஷயத்திலாவது அவர் என்னோடு சண்டை போட்டிருக்கலாம்.

இரண்டு வாரம் கழித்து டாக்டர் ரத்தம் கேட்டார். "மருந்து ஏன் எடுபடலன்னு பாக்கணும். மரபணுவை முழுசாப் படிச்சுப் பாக்கணும், உடம்புல எதிர்ப்பு இருக்கான்னும் பாக்கணும். ஆரம்பத்துலயே அனுப்பின ரத்தம் கெட்டுப்போச்சு, நாங்களும் விட்டுட்டோம். இன்னொரு தடவை எடுத்துடலாம்."

கடுகின் கையில் குத்துவதற்கு இடமே இல்லை. போன முறை தலையில் நரம்பு தேடினார்கள். நான் மறித்தேன். "தப்பு மருந்துல இருக்கு டாக்டர். எனக்குத் தெரியும். ஆலையில சொல்லிட்டேன், விசாரணை நடக்குது. முடிவு வரட்டும், அதுக்கப்புறம் குத்துங்க."

சொல்லத்தான் செய்திருந்தேன். முந்தைய நாள் தரப்பிரிவுத் தலைவியின் அறைக்குப் போய், பத்தொன்பதைப் பதினாலாக்கிய கதையை நின்றபடியே சொல்லி முடித்தேன். பதினாலு சார் வாசலில் முகம் வெளுத்து நின்றார். தலைவி கத்தவில்லை. தொட்டி தானாகவே கணினியில் பதிந்த அந்த நாளின் வரைகோட்டைத் திறந்து பார்த்தார். அது எப்போதும் அங்கேதான் இருந்தது, யாரும் திறந்ததில்லை. பிறகு அடுத்த நாளைத் திறந்தார். பிறகு அதற்கு அடுத்ததை.

எனக்கு நெஞ்சு லேசானது. உண்மையைச் சொல்லிவிட்டோம், இனி குழந்தை பிழைப்பாள் என்று தோன்றியது. கடுகின் பெட்டியை முதலில் மாற்றிக்கொடுத்தார்கள், பழைய தொகுதி ஒன்றிலிருந்து. அது ஒரு வருடத்துக்கும் முன்னால், நான் விடுப்பில் இருந்தபோது செய்தது, கோளாறே பதியாதது. அது ஏறினால் சரியாகிவிடும் என்று காத்திருந்தேன். ஒரு புதன் போனது. சரியாகவில்லை. கெட்ட மருந்து செய்ததை நல்ல மருந்து சரிசெய்ய நாள் பிடிக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இன்னொரு புதன் போனது. தலை மறுபடி தொங்க ஆரம்பித்தது. டாக்டர் திரும்பக் கேட்டார், நான் திரும்ப மறுத்தேன். மூன்றாம் புதனில் மருந்து ஏற ஆரம்பித்த பத்தாவது நிமிடம் உடம்பெல்லாம் தடித்து, உதடு நீலமானது. நர்ஸ் ஓடிவந்து குழாயை மூடினாள். அன்றைக்கு ரத்தம் எடுக்க நான் மறிக்கவில்லை. ஆறு வாரம் போயிருந்தது.

ஆலை முடிவு முதலில் வந்தது. தலைவி என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"மருந்து நல்லாத்தான் இருக்கு. மூணு தடவை சோதிச்சோம். மடிப்பு சரி, வேலையும் சரி. பத்தொன்பது நிமிஷம் அதை ஒண்ணும் பண்ணல."

"அப்போ திரும்ப அனுப்பிடுவீங்களா?"

"எப்படி அனுப்பறது? மருந்து நல்லது, பதிவு பொய். பொய்ப் பதிவு உள்ள மருந்தை நான் குழந்தைக்குக் கொடுக்க முடியாது. உன்னுது மட்டும் இல்ல. இந்த ஆலையில எல்லாக் கோளாறும் பதினாலு நிமிஷமாமே. மூணாம் தொட்டியில ஒரு வருஷத்துக்கு எடுத்தது மொத்தமும் அழிக்கணும். ஆஸ்பத்திரிகள்ல இருக்கறதையும் திரும்ப வாங்கியாச்சு."

புதுசு வர எத்தனை நாள் என்று கேட்டேன். அஞ்சு மாசம் என்றார். அது எனக்கே தெரிந்த கணக்குதான். செல்லை அவசரப்படுத்த முடியாது.

பதினாலு சாரை நீக்கினார்கள். என்னை நீக்கவில்லை, தானாக முன்வந்து சொன்னவளாம். அந்த வாரம் குப்பிகளைக் கொதிநீர்க் கலனில் கொட்டி அழித்தபோது சாட்சிக் கையெழுத்துப் போட்டதும் நான்தான். நல்ல மருந்து. ஒவ்வொரு குப்பியும் நல்ல மருந்து. இந்த முறை நான் நேரத்தைச் சரியாகவே எழுதினேன்.

அடுத்த வாரம் ரத்த முடிவு. டாக்டர் எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். எதிர்க்கட்டில் பையனுக்கு அந்த மரபணுவில் ஒரே ஒரு எழுத்து தப்பு. அவன் அறிக்கையை அக்கா எனக்கு முன்பே காட்டியிருந்தாள். அவன் உடம்பு நொதியைக் கோணலாகவாவது செய்கிறது. அதனால் நாங்கள் கொடுக்கும் நொதி வந்தால் தெரிந்த முகம் என்று விட்டுவிடுகிறது. கடுகுக்கு எழுத்துத் தப்பில்லை. பக்கமே இல்லை. என்னிடமிருந்து வந்த நகலிலும் இல்லை, அவள் அப்பாவிடமிருந்து வந்ததிலும் இல்லை. படிக்க ஒன்றுமில்லாததால் அவள் உடம்பு அந்தப் புரதத்தை ஒருநாளும் செய்ததில்லை, பார்த்ததுமில்லை. எங்கள் மருந்தை அந்நியன் என்று நினைத்து, தன் பலத்தையெல்லாம் திரட்டி அதை அடித்துக்கொண்டிருந்தது.

"எதிர்ப்பை அடக்க மருந்து இல்லையா?" என்று கணவர் கேட்டார்.

"இருக்கு. முதல் ஊசிக்கு முன்னாடியே கொடுத்திருக்கணும். அந்தத் தப்பு எங்களுது. அப்புறம் கொடுத்தாலும் சில பேருக்குப் பலிக்கும். இப்போ இதயம் இருக்கற நிலைமைக்கு அதைத் தாங்க மாட்டா."

"அந்த ஆறு வாரம் வீணாகாம இருந்திருந்தா?"

டாக்டர் என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தார். "முயற்சி பண்ணியிருக்கலாம். பலிச்சிருக்கும்னு என்னால சொல்ல முடியாது."

நல்ல மனிதர். அப்படிச் சொல்லாமலும் இருந்திருக்கலாம். கணவர் என் கையைப் பிடிக்கவில்லை, திட்டவும் இல்லை. எழுந்து, அறைக் கதவைத் திறந்தபடி விட்டு வெளியே போய் வராந்தாவில் லிப்டின் எதிரே நின்றார். லிப்ட் கதவு திறந்து திறந்து மூடியது. அவர் ஏறவில்லை. திட்டித் தொலைக்கட்டும் என்று காத்திருந்தேன்.

"உங்ககிட்ட இன்னொண்ணும் கேக்கணும்," என்றார் டாக்டர். "இவளுக்கு இனிமே அந்த மருந்து ஏத்த முடியாது. ஏத்தினா அதுவே ஆபத்து. இவ பேர்ல எட்டுக் குப்பி இருக்கு, திரும்ப வாங்காத தொகுதி. எதிர்க்கட்டில் பையனுக்குப் போன ரெண்டு தடவையும் ஏத்த மருந்து இல்ல. நீங்க எழுதிக் கொடுத்தா அவனுக்குப் போடலாம்."

அந்தப் படிவம் ஒரு பக்கம்தான். 'இந்த நோயாளிக்கு இனித் தேவைப்படாத' என்று ஒரு வரி அதில் அச்சடித்தே இருந்தது. அந்த வரியின் மேல் என் விரல் நின்றது. கையெழுத்துப் போட்டேன். பெருந்தன்மை ஒன்றும் இல்லை. அவன் மருந்தைக் கொதிநீரில் கொட்டியவள் நான். மறுக்க எனக்கு வாயே இல்லை.

வார்டுக்கு வந்தேன். எதிர்க்கட்டில் அக்காவுக்குச் செய்தி அதற்குள் போய்விட்டது. ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் பையன் கம்பியைப் பிடித்து நிற்பதை விட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. படுத்தபடியே எங்களைப் பார்த்தான்.

"யாரோ ஒரு பாவி அங்க என்னமோ பண்ணிட்டாங்களாம், அதான் மருந்தே நின்னுபோச்சாம்," என்று என் தோளில் அழுதாள். "அந்தப் படுபாவி நல்லா இருப்பாங்களா? நீ மட்டும் இல்லன்னா என் பிள்ளை கதி என்ன?"

சொல்லியிருக்கலாம். ஒருமுறை உண்மையைச் சொல்லிப் பார்த்தாயிற்று. வாயை மூடிக்கொண்டு அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அவள் தோளுக்கு மேலே அந்தப் பையன் தெரிந்தான். அவன் மேல் எனக்கு வந்தது வெறுப்புதான். இரண்டு வயதுப் பிள்ளையை, எழுத்து ஒன்று மட்டும் தப்பாகப் பிறந்ததற்காக, வெறுத்தேன்.

நர்ஸ் குப்பிகளை எடுத்து வந்தாள். அங்குமிங்கும் பார்த்துவிட்டு, கடுகின் கட்டிலருகே நின்ற மருந்து ஸ்டாண்டின் மேல் கை வைத்தாள்.

"இது உங்களுக்கு இனிமே வேணாம் இல்ல? எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்கோங்க," என்றேன்.

சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டு ஸ்டாண்டு எதிர்க்கட்டிலுக்குப் போனது. தலையைத் திருப்ப முடியாத என் மகள், கண்ணை மட்டும் நகர்த்தி அது போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.