உள்ளே வரும் காற்று எப்படிப்பட்டது

பேருந்துகளுக்குப் பெயின்ட் அடிக்கும் கூடம் அது. கூரையிலிருந்து சுத்தமான காற்று இறங்கி, பெயின்ட் புகையைத் தரையிலுள்ள கம்பி வலைக்குள் தள்ள வேண்டும். அப்படித் தள்ளுகிறதா என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்வது எங்கள் வேலை. தள்ளுகிறது என்று சீனியர் எழுதி முடித்திருந்தார். சாயங்காலம் ரிப்போர்ட் போக வேண்டும். சரிபார்க்க என்னிடம் கொடுத்தார்கள்.

படத்தில் காற்று துணி தொங்குவதுபோல நேராக இறங்கியது. நான் நம்பவில்லை. எங்கப்பாவும் ஸ்ப்ரே பெயின்டர்தான். அன்று என்ன கலர் அடித்தாரோ அந்தக் கலர்தான் கைக்குட்டையில் சளியாக வரும். அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன். அந்த மாதிரிக் கூடத்தில் காற்று எப்படி நடந்துகொள்ளும் என்று எனக்குத் தெரியும். இவ்வளவு ஒழுக்கமாக வராது.

காற்று என்ன வேகத்தில் நுழைகிறது என்று மட்டும் கணக்குக்குச் சொன்னால் போதாது. எவ்வளவு கொந்தளிப்போடு நுழைகிறது, அதன் சுழல்கள் எவ்வளவு பெரியவை என்றும் சொல்ல வேண்டும். சீனியர் கொடுத்திருந்த கொந்தளிப்பு, வேகத்தில் அரை சதவீதம்.

"அண்ணா, இந்த அரை எங்கேருந்து வந்துச்சு?"

"போன கார் வேலையிலேருந்து. அந்த ஃபைலைத்தான் காப்பி பண்ணேன்."

"அது சோதனைக் கூடத்துல வடிகட்டி விட்ட காத்து. இங்க மோட்டாரை ஒட்டியே குழாய் வளையுதுன்னு வரைபடத்துலயே இருக்கு. நீங்க நேர்ல போய்ப் பாத்தீங்களா?"

"எதுக்கு? கணக்கு அழகா முடிஞ்சுது இல்ல?"

"தப்பான கணக்கும் அழகாத்தான் முடியும்."

நான் காற்றின் வேகத்தை அளக்கும் அளவியை எடுத்துக்கொண்டு கூடத்துக்குக் கிளம்பினேன்.

கூடத்தில் மூத்த பெயின்டர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். கூரையில் காற்று வரும் வலையின் கீழே அளவியை நீட்டினால் எண் ஓரிடத்தில் நிற்கவில்லை. துள்ளல், சராசரியில் ஐந்தில் ஒரு பங்கு. ஒரு புகைக்குச்சியைக் கொளுத்திப் பிடித்தேன். புகை நாலு முழம் இறங்கி, உடைந்து, சுருண்டு அவர் முகத்துக்கே வந்தது.

அவர் சிரித்தார். "இதை நான் டெய்லி பாக்குறேன், தங்கச்சி. யாரும் கேக்கலை, நானும் சொல்லலை."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா, வேற ஆளு வருவான். அவனும் இதையேதான் குடிப்பான்."

திரும்பி வந்து இருபது சதவீதம் கொடுத்தேன். சுழலின் அளவைக் குழாயின் அகலத்திலிருந்து கணக்கிட்டேன். பழைய விடையைத் தொடக்கமாக வைத்தால் சீக்கிரம் முடியும். அந்த விடையின் வாடையே வேண்டாமென்று முதலிலிருந்து ஓட்டினேன். இரண்டு மணி நேரம். முகத்தின் உயரத்தில் புகை, பழைய விடையைவிட மூன்று மடங்கு.

சீனியரிடம் காட்டினேன். சண்டைக்குத் தயாராகவே போயிருந்தேன், எதை எப்படிச் சொல்வது என்றுகூட வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"நேத்தே பட்டறைக்காரங்ககிட்ட எல்லாம் சரின்னு வாயால சொல்லிட்டேன்ம்மா."

"இப்போ?"

"இப்போ தப்புன்னு சொல்லணும். முதல் பக்கத்துலயே எழுது. காத்து நுழையுற கொந்தளிப்பைத் தப்பா வெச்சவன் நான்னு எழுது. பேரையும் போடு."

திட்டுவதற்கு வைத்திருந்த வார்த்தைகளை எங்கே இறக்கி வைப்பதென்று தெரியவில்லை. அவரே போனை எடுத்து, பட்டறை முதலாளியிடம் பேசினார். குழாயை நேராக்க வேண்டும், கூரை வலைக்கு மேலே காற்றை நிதானப்படுத்தும் துளைத் தகடு போட வேண்டும், ஒரு வாரம் ஆகும். அந்தப் பக்கம் கத்தியது என் காதுக்கே கேட்டது. இவர் "ஆமா, என் தப்புதான்" என்று மூன்று முறை சொன்னார். நான் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுபோய் அவர் பக்கத்தில் வைத்தேன்.

ரிப்போர்ட் போன அரை மணியில் மூத்த பெயின்டர் என்னைப் போனில் கூப்பிட்டார்.

"தகடு போடுறாங்களாம், தங்கச்சி. அதுவரைக்கும் நான் எந்தப் பக்கமா நின்னு அடிக்கட்டும்?"

படத்தை முகத்தின் உயரத்தில் வெட்டி, மூலை மூலையாகத் தேடினேன். சீனியரும் எழுந்து வந்து என்னோடு குனிந்து தேடினார். ஒரு ஆள் நிற்கும் அளவுக்குக்கூட நல்ல இடம் இல்லை.

"எந்தப் பக்கமும் இல்லைண்ணே," என்றேன். "அடிக்காதீங்க. உங்க முதலாளிகிட்ட நாங்களே திரும்பப் பேசுறோம்."

சீனியர் அதற்குள் முதலாளியின் எண்ணை அழுத்தத் தொடங்கியிருந்தார்.