தலை எங்கே, வால் எங்கே?

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு மீனைத் தெரியும், வாக்கியத்தைத் தெரியாது. அதனால் கரும்பலகையில் பெரிதாக ஒரு மீன் வரைந்தேன். யார், எது என்பது தலை. என்ன செய்தது என்பது வால். இரண்டும் இருந்தால் முழு வாக்கியம், ஒன்று குறைந்தாலும் வெறும் துண்டு. மூன்றாம் வகுப்பு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. யாராவது அரைகுறையாகப் பேசினால் போதும், மேசையைத் தட்டிக்கொண்டு "தலை எங்கே? வால் எங்கே?" என்று கத்தும். பாதிரியாரைக்கூட விட்டுவைக்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமை மதியம் எனக்கே பாடத்தில் மனம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மழையில் நின்றுபோன கிரிக்கெட் இறுதி ஆட்டம் பள்ளிச் சுவருக்கு அந்தப் பக்கம் தொடர்ந்துகொண்டிருந்தது. எதிரணியான கரியாக்கு தீவுக்காரர்கள் மாலைப் படகைப் பிடிக்க வேண்டும், அதனால்தான் வேலைநாளில் ஆட்டம். "ஒரு பயலும் வெளியே போகக் கூடாது" என்று தலைமையாசிரியர் பாப்டிஸ்ட் சொல்லிவிட்டார்.

எங்கள் அணியில் கடைசியாக மட்டை பிடிப்பவர் என் கணவர் ஆல்பன். இறுதி ஆட்டம் என்றாலே அவருக்கு முட்டைதான். மறுநாள் ஜாதிக்காய்க் கிடங்கில் அவர் மேசைமேல் யாராவது நிஜமாகவே ஓர் அவித்த முட்டையை வைத்திருப்பார்கள். "இந்தத் தடவையும் முட்டைன்னா மட்டைய அடுப்புல வெச்சிடு, லெட்டி" என்று காலையில் சொன்னார். சாப்பிடாமலே போனார். கோப்பை யாருக்கு வேண்டும்? அந்த மனிதர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீடு திரும்புவதை இன்னொரு முறை பார்க்க என்னால் ஆகாது.

வகுப்பில் ஜன்னல்கள் எல்லாம் கூரையோரம். இருப்பதிலேயே உயரமான ஜெருஷாவை அலமாரிமேல் ஏற்றினேன்.

"இதுவும் பாடந்தான். பாக்கிறத அப்படியே சொல்லு. முழு வாக்கியமா சொல்லணும்."

"நம்மாளு ஒருத்தர் அவுட்டாயிட்டார், மிஸ்! ஆல்பன் அங்கிள் சிலுவை போட்டுக்கிட்டே வர்றார்!"

சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு அலமாரியடிக்குப் போனேன்.

"மொத பந்து!" என்றாள் ஜெருஷா.

"வால் எங்கே?" என்றது வகுப்பு.

"மொத பந்து அவர் வயித்துல பட்டுச்சு!"

"அப்புறம்?"

"ஐயய்யோ!"

"தலை எங்கே? வால் எங்கே?"

"அவர் மட்டைய வீசினார், மட்டை பறந்துபோச்சு! பந்து அங்கேயே கெடக்கு!"

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. கிம்ரான் என்ற குட்டிப் பயல் சிரித்தே பெஞ்சிலிருந்து கீழே விழுந்தான். எனக்கும் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

"நமக்கு இன்னும் நாலு ரன் வேணும், மிஸ். ஒரே ஒரு பந்துதான் பாக்கி இருக்கு." அழகான இரண்டு வாக்கியங்கள். பாராட்டாமல் நாற்காலியை அலமாரிப் பக்கம் இழுத்தேன்.

மைதானத்தில் சத்தம் அடங்கியது. பிறகு 'டொக்' என்று ஓர் ஒலி.

"மேல! மேல! மேல..."

"எது மேல? தலை எங்கே?"

"ஓடுறான்... கைய நீட்டிக்கிட்டு... ஐயோ..."

"புடிச்சானா?" நான் நாற்காலிமேல் ஏறிவிட்டேன். "விட்டானா? பந்து? அவர்?"

முப்பது தலைகளும் என் பக்கம் திரும்பின. "மிஸ்! வால் எங்கே?"

"வாலாவது தோலாவது! சொல்லித் தொலைடி!"

ஜெருஷா நிதானமாகத் திரும்பி, பரீட்சையில் ஒப்பிப்பதுபோல் சொன்னாள். "பந்து நம்ம கிளாசுக்குத்தான் வந்துக்கிட்டிருக்கு, மிஸ்."

சொல்லிவிட்டுக் குனிந்தாள். அவள் தலைக்கு மேலே பறந்து வந்த பந்து கரும்பலகை மீனின் நடுவயிற்றில் மோதி, மேசையில் நான் தொடாமல் வைத்திருந்த மதியச் சோற்றுக்குள் விழுந்தது. பிள்ளைகள் மேசைமேல் ஏறி ஆடினார்கள். சுவருக்கு அப்பால் ஊரே ஊளையிட்டது.

கதவைத் தள்ளிக்கொண்டு பாப்டிஸ்ட் வந்து நின்றார். நாற்காலிமேல் நான், அலமாரிமேல் ஜெருஷா, மேசைமேல் வகுப்பு.

"என்ன இது? யாரு? எதுக்கு?"

குழம்பு சொட்டும் பந்தைக் கையில் எடுத்தேன். ஆசிரியை அல்லவா, தலையை விடாமல், வாலை விடாமல் சொன்னேன்.

"என் புருஷன் சிக்ஸர் அடிச்சிட்டார், சார்."

வகுப்பு ஒரு நொடி யோசித்தது. பிறகு கூரை அதிரக் கத்தியது.

"முழு மீன், மிஸ்!"