உரியவரிடம் சேர்க்கப்படும்

'பெட்டி நிரம்பிவிட்டது. இனிப் புதிய மெயில் எதுவும் வராது.'

வெள்ளிக்கிழமை காலை கணினியைத் திறந்ததும் இந்த அறிவிப்புதான் ப்ரோஸ்கோவியாவை வரவேற்றது. அவள் முகம் சுருங்கியது.

மசாக்கா சந்தைக்குப் பின்புறம், ஒற்றைக் கதவு டைப்பிங் கடை. பாஸ்போர்ட்டுக்கும் வேலைக்கும் கல்லூரிக்கும் விண்ணப்பம் போட வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மெயில் முகவரி கிடையாது. அந்தக் கட்டத்தில் தன் முகவரியைத் தட்டிவிடுவாள். யாருக்கும் இதில் உறுத்தலில்லை. அவர்களுடைய அப்பன்மார் காலத்தில் ஊருக்கே ஒரு தபால்பெட்டி எண்தான், அதுவும் மாதாகோவிலுடையது. ஞாயிறு பூசை முடிந்ததும் பெயர் கூப்பிடுவார்கள், கை தூக்கி வாங்கிக்கொள்வார்கள். அதே ஏற்பாடுதான் இதுவும்.

பெயர் கூப்பிடுவது மட்டும் விட்டுப்போயிருந்தது.

"என்ன போஸ்ட் மாஸ்டரம்மா, மூஞ்சி திரிஞ்ச பாலாட்டம் இருக்கு?" பக்கத்துச் சப்பாத்திக் கடையிலிருந்து குரல் வந்தது. ஸலோங்கோ. இரட்டைப் பிள்ளை பெற்ற அப்பன் என்பதால் ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடும்.

"பெட்டி ரொம்பிடுச்சு ஸலோங்கோ. அத்தனையும் உக்காந்து அழிக்கணும்."

"வர்ற எல்லா மெயிலுக்கும் 'கெடச்சுது, சேர்த்துடறோம்'னு பதில் மட்டும் தானா பறக்குது. என்னிக்காவது சேர்த்திருக்கியா நீ?"

"நீங்க முட்டையைக் கருக்காம பாருங்க."

அந்தப் பதில் அவளே செய்துவைத்த ஏற்பாடு. எந்த மெயில் வந்தாலும் அடுத்த நொடியே தானாகப் போய்விடும். 'உங்கள் கடிதம் கிடைத்தது. உரியவரிடம் சேர்க்கப்படும். ப்ரோஸ்கோவியா டைப்பிங், மசாக்கா, உகாண்டா.' அனுப்பியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டு நச்சரிப்பது அதோடு நின்றிருந்தது.

ஐம்பது ஐம்பதாக அழித்துக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

அனுப்பியவர் யாரோ ஓர் அரபுப் பெயர். தலைப்பில் மட்டும் ஊர் மொழியான லுகாண்டா. 'அம்மாவுக்கு.'

திறந்தாள்.

'ப்ரோஸி அக்கா, நான் மதீனா. எனக்கு மனப்பாடமா தெரிஞ்சது உங்க முகவரி ஒண்ணுதான். இதை எங்க அம்மாகிட்ட படிச்சுக் காட்டுங்க. அம்மா, ரெண்டு மாசமா போனைப் பிடுங்கி வச்சிருக்காங்க. ராத்திரி ரூமைப் பூட்டிடறாங்க. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை என்னை வேற ஊருக்கு, பாலைவனத்துப் பக்கம் அனுப்பப் போறாங்க. அங்க போனவ ஒருத்தியும் திரும்பலையாம். அதுக்குள்ள யாரையாவது அனுப்புங்க. வீட்டு அடையாளம் கீழே எழுதியிருக்கேன். அக்கா, இதுக்குப் பதில் போட்டுடாதீங்க. இது மேடத்தோட மெயில். திறந்தபடி விட்டுட்டுக் குளிக்கப் போயிருக்காங்க. அனுப்பினதும் அழிச்சிடுவேன்.'

தேதியைப் பார்த்தாள். பதினோரு நாள் பழசு. அந்த வெள்ளிக்கிழமை, இன்றுதான்.

அரபு நாட்டுக்கு வீட்டுவேலைக்குப் போக மதீனாவுக்கு விண்ணப்பம் தட்டிக் கொடுத்தது ப்ரோஸ்கோவியாதான். மதீனாவின் அம்மா செவ்வாய் தவறாமல் வாசலில் வந்து நிற்பாள். "என் பொண்ணுகிட்டேருந்து ஏதாவது வந்துச்சா, நியாபோ?" என்று, அம்மணி என்கிற மரியாதையோடு கேட்பாள். "வரலையே நியாபோ" என்பாள் இவள், திரையைப் பார்க்காமலே. மூன்று நாள் முன்புகூட அப்படித்தான் சொன்னாள்.

நல்லவேளை, பதில் எதுவும் போடவில்லை. இன்னும் பாதி நாள் கையில் இருக்கிறது.

மதீனாவின் பழைய கோப்பிலிருந்து, அந்த ஊரிலிருக்கும் உகாண்டா தூதரகத்தின் எண்ணைத் தேடி எடுத்தாள். நான்காவது முறை ஒருவர் எடுத்தார். வீட்டு அடையாளத்தைச் சொன்னாள். எதிரே மருந்துக்கடை, நீல கேட், மூன்றாவது மாடி.

"பக்கத்துத் தெருதாம்மா. இப்பவே ஆள் அனுப்பறேன். போனைக் கையிலயே வச்சிருங்க."

விஷயத்தைக் கேட்ட ஸலோங்கோ அடுப்பை அப்படியே போட்டுவிட்டுச் சந்தைக்கு ஓடினார். பத்தே நிமிடத்தில் மதீனாவின் அம்மா மூச்சிரைக்க வந்து நின்றாள். வெட்டுக்கிளி சீசன். வறுத்துத் தின்ன விற்பதற்காகக் காலையிலிருந்து அவற்றின் இறக்கை பிய்த்துக்கொண்டிருந்தவளின் விரல்கள் பச்சையேறிக் கிடந்தன.

ப்ரோஸ்கோவியா கடிதத்தைப் படித்துக் காட்டினாள். தேதியை மட்டும் படிக்கவில்லை.

"உசிரோட இருக்கா." அந்த அம்மாள் அதையே இரண்டு முறை சொன்னாள். பிறகு சட்டென்று ப்ரோஸ்கோவியாவின் முன்னால் மண்டியிட்டாள்.

மசாக்காவில் பெண்கள் மண்டியிடுவது புதிதல்ல. ஆனால் இளையவள்தான் மூத்தவள் முன் மண்டியிடுவாள். ஐம்பது வயதுக்காரி முப்பது வயதுக்காரியின் காலடியில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"எந்திரிங்க, நியாபோ. இது தப்பு."

"என் பொண்ணு சத்தத்த என் காதுல சேர்த்துட்டியே. வேற எப்படி நன்றி சொல்லுவேன்?"

ஒன்றரை மணி நேரம் கழித்துப் போன் அடித்தது. ப்ரோஸ்கோவியா அதைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"பொண்ணு அங்க இல்லம்மா. பதினோரு நாள் முன்னாடியே அனுப்பிட்டாங்களாம். எங்கன்னு சொல்ல மாட்டேங்கறாங்க."

"வெள்ளிக்கிழமைன்னுதானே எழுதியிருந்தா?"

"அவ எழுதினது தெரிஞ்சுதான் அன்னிக்கே அனுப்பியிருக்காங்க. உகாண்டாவுலேருந்து பதில் வந்துச்சுன்னு அந்த மேடமே காட்டினாங்களாம். பதில் போட்டது யாரும்மா?"

ப்ரோஸ்கோவியா போனை வைத்தாள். அனுப்பியவை என்ற பகுதியைத் திறந்தாள்.

மதீனாவின் கடிதம் வந்தது காலை 10.14. பதில் போனதும் 10.14. 'உங்கள் கடிதம் கிடைத்தது. உரியவரிடம் சேர்க்கப்படும்.' கீழே கடையின் பெயர், ஊர், நாடு.

அந்தப் பதிலுக்குப் பதிலாக 10.40க்கு அதே அரபுப் பெயரிலிருந்து ஒற்றை வரி, ஆங்கிலத்தில். 'அவள் இனி எழுதமாட்டாள்.'

அதற்கும் தானாகப் பதில் போயிருந்தது. கிடைத்தது. உரியவரிடம் சேர்க்கப்படும்.

"என்ன சொல்றாங்க? கூட்டிட்டு வந்துட்டாங்களா?"

ஒரு பொய் போதும். தூதரகத்தில் தேடுகிறார்கள் என்றால் இந்த அம்மாள் எழுந்து போய்விடுவாள். தன் தலை தப்பும். ப்ரோஸ்கோவியா நாற்காலியை விட்டு இறங்கினாள். அவளெதிரே, சிமெண்ட் தரையில் மண்டியிட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள், தேதி உட்பட.

வாசலில் நின்ற ஸலோங்கோ தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

மதீனாவின் அம்மா விரலில் ஒட்டியிருந்த ஓர் இறக்கையைப் பிய்த்துப் போட்டாள்.

"சேர்த்துடறோம்னா எழுதியிருந்துச்சு?"

"ஆமா."

"பதினோரு நாளு." சுவரைப் பிடித்து எழுந்து சந்தைப் பக்கம் நடந்தாள்.

அன்றே ப்ரோஸ்கோவியா அந்தத் தானியங்கிப் பதிலை நிறுத்தினாள். தூதரகத்துக்குத் தினமும் அடித்தாள். தேடுகிறோம் என்பதைத் தவிர அவர்களிடம் வார்த்தையில்லை.

செவ்வாய்க்கிழமை மதீனாவின் அம்மா வந்தாள். வாசலில் நிற்கவில்லை. உள்ளே வந்து திரைக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"வந்ததெல்லாம் யார் யாருன்னு பேர் சொல்லு."

ப்ரோஸ்கோவியா மேலிருந்து ஒவ்வொரு பெயராக, சத்தமாக, படித்தாள். கல்லூரி. பாஸ்போர்ட் அலுவலகம். ஏதோ ஒரு கம்பெனி. அறுபத்திரண்டு பெயர்கள். கடைசிப் பெயர் வந்ததும் நிறுத்தினாள்.

"மறுபடி மொதல்லேருந்து படி."

படித்தாள்.