திருக்கை உடைத்த மூக்கு

…அதுசரி, அந்த மூக்குடைந்த மனிசன் எங்கே போனான், படம் தொடங்கின கையோடு சந்தையில் மொட்டைத்தலைச் சண்டைக்காரனிடம் உதை வாங்கி முட்டைக்கூடைக்குள் விழுந்தானே, அவனை யார் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனது, ஒருவரும் காட்டவில்லையே என்று அம்புறோஸ் கதிரை நுனியில் இருந்து யோசித்தார். சண்டைக்காரனோ மலைக்குப் போய்விட்டான், தண்ணீர் சுமக்கிறான், குருவின் வாசலில் பனிக்குள் முழங்காலில் நிற்கிறான், திருந்துகிறானாம்… திருந்தட்டும், நல்லது, ஆனால் முட்டைக்கூடைக்குள் கிடப்பவனிடம் ஒரு வார்த்தை கேட்டானா? போர் முடிந்து பள்ளிமுனைக்குத் திரும்பி வந்த சனத்தில் பாதி, மருமகள் அன்ரோனெற்றின் தகரக் கொட்டிலுக்குள், அவளுடைய தொலைக்காட்சிக்கு முன்னால்தான் இருந்தது. பக்கத்துக் கதிரையில் லோறன்ஸ், இந்திய அகதி முகாமில் இருபது வருசம் கிடந்துவிட்டுப் போன கிழமை வந்தவன், குடியை விட்டுவிட்டானாம், மடு மாதா கோயிலுக்கு நடந்தே போய்வந்தானாம், இப்போது படத்தைப் பார்த்து மூக்கை உறிஞ்சுகிறான்… ஐயோ, இவன் ஏன் அழுகிறான்?

அழுதால் மன்னிப்புக் கேட்பான், கேட்டால் முடிந்தது. இப்படியான படங்களைப் பார்த்துப் பழகிய உதையை அந்தக் காலத்தில், கரையில், ஒரு வலைச் சண்டையில், அம்புறோசின் மூக்கில் இறக்கியவன் இவன்தான். கண்டவர்கள் செத்தும் சிதறியும் போக, அந்த மூக்கின் வரலாறு இப்போது இரண்டே பேருக்குத்தான் தெரியும். மற்றச் சனத்துக்கு அது திருக்கை மீன் அடித்த மூக்கு… வள்ளத்தின் அகலத்தில் வந்த திருக்கை, வாலால் விசுக்கியது, அம்புறோஸ் அந்த வாலையே பிடித்து அதைக் கரைக்கு இழுத்துவந்து, தாழ்வுபாட்டு ஊர் வரைக்கும் மணக்க மணக்கக் கறி… இந்தக் கதையைக் கேளாத காகம்கூட மன்னாரில் இல்லை. லோறன்ஸ் முழங்காலில் விழுந்து மன்னிப்பு என்று வாய்திறந்தால் திருக்கையும் போச்சு, கறியும் போச்சு, மிஞ்சுவது உதை வாங்கின கிழவன். மன்னிக்க மாட்டேனா? மன்னிக்கலாம், அதுவா பிரச்சினை, சனத்துக்கு முன்னால் கேட்காமல் இருந்தால் போதாதா?

திரையில் குரு சண்டைக்காரனின் தலையில் கைவைக்க, லோறன்ஸ் இவர் பக்கம் திரும்பினான். “அம்புறோஸ் அண்ணை…” அம்புறோஸ் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை, அவன் விடவில்லை. “அந்தத் திருக்கை… அது பிறகு வருத்தப்பட்டிருக்கும், என்ன?” கொட்டிலே சிரித்தது. “கறியாப் போனது எங்க வருத்தப்படுறது?” என்றாள் அன்ரோனெற். அப்போ இவன் காதுக்கும் கதை போயிருக்கிறது, போயும் அதை உடைக்காமல் வாலைப் பிடித்துக்கொண்டல்லவா வருகிறான்… அம்புறோஸ் தொண்டையைச் செருமினார். “ஆர் சொன்னது கறியாப் போனதெண்டு? அதை நான் விட்டிட்டன். பாவம், கலங்கின கண்ணோட பாத்தது.” “மாமா! நேற்றும் குழம்பு நல்ல தடிப்பெண்டு சொன்னனீங்கள்!” “அது நேற்று. விட்டிட்டன் எண்டா விட்டிட்டன்.” லோறன்ஸ் உடுத்திருந்த சாரத்தின் நுனியால் முகத்தை அழுத்தித் துடைத்தான். திரையில் எழுத்துகள் ஓடின, முட்டைக்கூடைக்குள் விழுந்தவன் கடைசிவரை வரவேயில்லை, அம்புறோஸ் தன் வளைந்த மூக்கைத் தடவிப்பார்த்தார்… விட்டதென்றால் விட்டதுதான், சரி, அப்படியானால் இத்தனை வருசமும் உறைப்பும் புளிப்புமாகத் தான் ருசித்து ருசித்துத் தின்ற அந்தக் கறி, அது என்ன கறி…?